பெயரில் ஆறு, நினைவில் பால்மரம்

ஈப்போவிலிருந்து பழைய சாலையில் வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட் வரும். மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு, 'சிப்புட்' என்றால் நத்தை. நத்தை ஆறு என்ற பெயரைக் கேட்டுப் பெரிய நதியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இரண்டு பக்கமும் கடைவீடுகள், சந்தை, ரயில் நிலையம், பள்ளிகள், கோயில்கள் என்று ஒரு நடைக்குள் அடங்கிவிடும் சிற்றூர் அது.

ஆனாலும் மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுகிற யாரும் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. நாட்டின் அவசரகாலம் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் தொடங்கியது. தோட்டப் பாட்டாளிகள் கைக்காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று சொன்ன தலைவர் இந்த ஊரில்தான் பிறந்தார். தோட்டம் போய், வேலை போய், கடைசியில் வீடும் போன கதையையும் இந்த வட்டாரம் நன்றாக அறியும். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகளின் கதை அது.

ஆற்றோரம் நட்ட கன்றுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் பெரிய ஆறு பிளஸ். கிழக்கே மலைக்காட்டில் பிறந்து, தெமியார் பூர்வக்குடியினரின் கிராமங்களைத் தொட்டு, லாசா வழியாக இறங்கி, பேரா ஆற்றில் கலக்கிறது. பேரா ஆறோ தீபகற்பத்தின் இரண்டாவது நீளமான ஆறு. அரச நகரமான கோலகங்சாரைச் சுற்றிக்கொண்டு தெற்கே தெலுக் இந்தானுக்கும் அப்பால் கடலுக்கும் போகிறது.

தமிழர் இந்தப் பக்கம் வந்ததற்கான காரணமும் அந்தக் கோலகங்சாரில்தான் வேர் பிடித்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகளில் சில 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு பங்கைப் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ, கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அந்த முதல் தலைமுறை மரங்களில் ஒன்று இன்றும் அந்த ஊரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

மரம் வந்துவிட்டது. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி வகுத்துக் கொடுத்தார். மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது. காட்டை அழிக்கவும், கன்று நடவும், பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் உறவையும் ஊரையும் சொல்லி ஆள் திரட்டினார்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்த பிறகும் கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. எல்பில், டோவன்பி, ஹீவுட், கமுனிங் என்று நாக்கில் எளிதில் உட்காராத பெயர்களெல்லாம் அப்படித்தான் சேலத்துக்காரருக்கும் திருச்சிக்காரருக்கும் சொந்த ஊர்ப் பெயர்களாகின.

பெரட்டு மணியிலிருந்து திடல் படம் வரை

தோட்டத்தில் பொழுது விடிவது சூரியனால் அல்ல, பெரட்டு மணியால். இருட்டோடு எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பு வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் அந்த அவசரம். ஒருவருக்குச் சில நூறு மரங்கள். பட்டையைச் சரிவாக, மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம், கிராணியிடம் ஏச்சு. வெட்டி முடித்து, பசியாறி, மறுபடியும் முதல் மரத்திலிருந்து மங்குப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளுக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. மழை பெய்தால் வெட்டு இல்லை. அன்றைக்குக் கூலியும் இல்லை.

பால்வெட்டில் ஆணும் பெண்ணும் ஒரே நிரையில் நின்றார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கணவன் ஒரு நிரை, மனைவி பக்கத்து நிரை. கை தேர்ந்த பெண்ணுக்கு வேகத்தில் எந்த ஆணும் ஈடாகமாட்டான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இரண்டு பேர் கூலியும் சேர்ந்துதான் ஒரு லயத்து அடுப்பை எரியவைத்தது.

வேலை முடிந்தால் ஆற்றுக்கு. குளியலும் துணிவெளுப்பும் ஊர்ப்பேச்சும் ஒரே கரையில் நடந்தன. பையன்கள் தூண்டிலோடு ஒரு பக்கம் போவார்கள். பெண்கள் ஓடைக்கரையில் பாக்குக் கீரை பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறைக்கு, ஆற்றோரத்தில் கிடைத்த கீரையும் மீனும் சாதாரணப் பொருள்கள் அல்ல. அந்தக் காலத்தில்தான் சயாம் மரண ரயில் வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்கள் பல குடும்பங்களில் இன்னும் திதி நாள்களில் மட்டும் சொல்லப்படுகின்றன.

ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆற்றங்கரையே சந்நிதியாகும். மாரியம்மன் திருவிழாவின்போது கரகம் பாலிப்பது ஆற்றங்கரையில்தான். அங்கிருந்து உறுமி அடித்துக்கொண்டு லயங்களின் ஊடே ஊர்வலம் வரும். மாவிளக்கு, தீமிதி, மறுநாள் மஞ்சள் நீராட்டு. சம்பளத்தில் மாதம் மாதம் பிடித்த கோயில் பணத்தில் நடந்த திருவிழா என்பதால் அதில் எல்லாருக்கும் பங்கு உண்டு, எல்லாருக்கும் கோபமும் உண்டு. இரவில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கும் படம் தெரியும், எழுத்துகள் மட்டும் இடம் வலமாக மாறித் தெரியும்.

சம்பளம் போட்டால் சுங்கை சிப்புட் டவுன். துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடைக் கடன்புத்தகம், படக்கொட்டகை, பிறகு ஒரு கோப்பை தேத்தண்ணீர். தோட்டத்துப் பிள்ளைக்கு உலகம் எவ்வளவு பெரியது என்று காட்டிய முதல் இடம் அந்தச் சின்ன டவுன்தான்.

ஜூன் 16

1948 ஜூன் 16-ஆம் நாள் காலை, எல்பில் தோட்டத்து அலுவலகத்தில் நிர்வாகி ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்தியன் என்ற இருவரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிய 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் ஆயின.

வரலாற்றுப் புத்தகங்கள் இதைக் கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷாருக்கும் நடந்த போராகச் சொல்லும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி. வெளியே போகவும் உள்ளே வரவும் சோதனை. அடையாள அட்டை. பல இடங்களில் கட்டுச்சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகத் தடை, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். பகலில் போலீஸ் கேள்வி, இரவில் காட்டிலிருந்து கேள்வி. இரண்டு பக்கமும் பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்கள் பால்வெட்டுக்காரர்கள்.

தொழிற்சங்கங்களும் அந்தப் புயலில் சிக்கின. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் தொழிற்சங்கவாதி வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி உயர்வு என்று வாய் திறக்கவே அஞ்சிய ஆண்டுகள் அவை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகுதான் தோட்டத்துக்காரர்கள் மறுபடியும் ஒரு குரலில் பேசத் தொடங்கினார்கள்.

பத்திரம் யார் பெயரில்?

வாக்கர் கொல்லப்பட்ட அதே ஜூன் 16-இல், 29 ஆண்டுகளுக்கு முன்பு, 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தந்தை வீராசாமி இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் 1954-இல் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையைக் கட்டியெழுப்பினார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்துவைத்தார். இன்றும் சுங்கை சிப்புட் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குத்தான் புத்தகப்பை சுமக்கிறார்கள்.

1955-இல் சம்பந்தன் ம.இ.கா.வின் தலைவரானார், அமைச்சரும் ஆனார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் அவர் பெயர் நிற்பது பதவிகளால் அல்ல.

நாடு சுதந்திரம் அடையும் தறுவாயில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தோட்டம் துண்டாகும்போது கூடவே பெரட்டும் ஆயாக் கொட்டகையும் பள்ளியும் துண்டாகின. எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்து வீடு கம்பெனியின் வீடு. வேலை இருக்கும்வரை கூரை. வேலை நின்றால் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்திருந்தாலும் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை.

சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்குத்தான் விடை தேடியது. பால்வெட்டுக்காரர்களிடமே சிறு சிறு தொகையாகப் பங்குப் பணம் திரட்டி, விலைக்கு வரும் தோட்டங்களை வாங்குவது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தினக்கூலி வாங்குகிறவர் தோட்ட முதலாளி ஆவதா என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் சங்கம் தோட்டங்களை வாங்கியது, அங்கே வேலை செய்தவர்கள் வெளியேற்றப்படாமல் தங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற ஒரு சங்கத்தால் முடியவில்லை. இருந்தும், கூலிக்காரன் கையில் நிலம் இருக்கலாம் என்ற எண்ணத்தை அது நம்மவர் மனத்தில் விதைத்தது.

செம்பனை வந்தபின்

அடுத்த அடி இரண்டு பக்கமிருந்து வந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் அங்கே என்று பிரிந்த வீடுகள் உண்டு.

இன்னொரு பக்கம், ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மரத்துக்குப் பதில் இன்னொரு மரம். உள்ளே நடந்தது வேறு. ரப்பரை ஆண்டு முழுவதும் கையால் வெட்ட வேண்டும், ஏக்கருக்கு ஆள் அதிகம். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். குலை அறுப்பது நீளக் கம்பும் தோள் வலுவும் கேட்கிற வேலை, அது ஆண்களுக்கென்று ஆயிற்று. கணவனுக்குச் சமமாக நிரை பிடித்த பெண்கள் உரம் போடவும், மருந்து அடிக்கவும், உதிர்ந்த பழம் பொறுக்கவும் போனார்கள். பயிர் மாறியபோது குடும்பத்துக்குள் அவர்களுடைய சம்பாத்தியத்தின் எடையும் மாறியது. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்கள் டவுனுக்கு நகர்ந்தார்கள்.

அப்படி நகர்ந்தவர்களின் முதல் கவலை வீடு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தைப் பற்றி 1990-இல் வந்த சட்டம் தண்ணீர், கூரை, தூய்மை பற்றிப் பேசியது. வீடு யாருக்குச் சொந்தம் என்பதை அது பேசவில்லை. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தை எடுத்து மலிவுவிலை வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் தப்பித்தார்கள். முடியாதவர்கள் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். 1974 முதல் 34 ஆண்டுகள் இந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த ச. சாமிவேலு, தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளில் உழைத்துவந்த மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் 2008-இல் தோற்றார். அதற்குப் பல அரசியல் காரணங்கள் சொல்லப்பட்டன. கூரையும் கூலியும் இந்த மக்கள் மறக்காத கணக்குகள் என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரில் மட்டும் தோட்டம்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் தொடங்கிய அந்தப் பள்ளிகள்தான் நம் தமிழ்ப்பள்ளிகளின் அடித்தளம். சுதந்திரம் கிடைத்தபோது நாட்டில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-ஐச் சற்றுத் தாண்டி நிற்கின்றன. எல்பில், டோவன்பி, ஹீவுட் என்ற பெயர்களை சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இப்போது அதிகம் கேட்பது தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளால்தான். பல ஊர்களில் தோட்டம் மறைந்து, லயம் இடிந்து, பள்ளி மட்டும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது.

கோயிலும் அப்படித்தான். வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் பிள்ளைகள் சிதறிவிட்டார்கள். ஈப்போ, கோலாலம்பூர், ஜோகூர், சிங்கப்பூர். 2015 முதல் மின்ரயில் சுங்கை சிப்புட்டிலும் நிற்கிறது. முன்பு தலைநகரம் போகிறவரை ஊரே வழியனுப்பியது, இப்போது காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் போனவர்கள் திருவிழாவுக்கு வருகிறார்கள். செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்த வீட்டுக்கு எதிர்வீடு, அந்த லயத்துக் கோடி வீடு என்று, இல்லாத வீடுகளை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் சொல்லிக்கொள்கிறார்கள். மேனாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடல் என்று மண்டபம் எடுத்துச் சந்திப்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

அந்தச் சந்திப்புகளில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெரட்டுக்குப் போனவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். நிரை, காண்டா, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களைக் கையால் அறிந்த கடைசித் தலைமுறை அவர்கள்தான். துரைமார்களின் நினைவுக்குறிப்புகள் அச்சில் இருக்கின்றன, கம்பெனிகளின் கணக்கேடுகள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எந்த லயத்தில் யார் இருந்தார்கள், கரகம் எந்தத் துறையில் பாலித்தார்கள், சயாமுக்குப் போனவர் யார் யார் என்ற விவரம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய ஒரு மணி நேரம் போதும். பழைய படங்களின் பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுத அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

இதை வாசிக்கும் இளையவர்களில் பலர் இப்போது வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாதத் தவணை கழுத்தை நெரிக்கத்தான் செய்யும். அந்தப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த உங்கள் குடும்பத்தில் சொந்த வீட்டின் பத்திரத்தில் பெயர் ஏறியது உங்கள் தலைமுறையில்தானா, அதற்கு முந்தியதா என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். தோட்டத்துக் கதை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கிவிடும்.